ரெண்டாவது நாற்காலி

ஆறு கோர்ட்ல ஒரே நேரத்துல மேட்ச் நடக்கும், பக்கத்து பக்கத்துல. ஒவ்வொன்னுலயும் ஸ்கோர் வேற, எந்தப் பக்கம் பார்த்தாலும் வேற எங்கயோ கைதட்டு கேக்கும், அய்யோ மிஸ் பண்ணிட்டோமேன்னு கழுத்தத் திருப்புறதுக்குள்ள முன்னாடி இருக்குற கோர்ட்ல ஒரு கேமே முடிஞ்சு போயிருக்கும். முதல் தடவை ஸ்டான்ஃபோர்டு கேம்பஸ்ல பெண்கள் டென்னிஸ் பார்க்கப் போனப்ப எனக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்னுமே புரியல. டிவியில விம்பிள்டன் பார்த்து வளர்ந்த ஆளு நான், அங்க ஒரு பாயிண்ட் ஆடும்போது இருமினாலே திரும்பிப் பார்ப்பாங்க, இங்க பக்கத்து கோர்ட்ல ஆடிக்கிட்டு இருக்குற பொண்ணே தன்னோட ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல "கமான்"னு மூணாவது கோர்ட்டப் பார்த்து கத்துது. டென்னிஸ் இல்ல, கபடி மேட்ச் மாதிரி இருந்துச்சு.

கூட வந்த என் பொண்ணு (அவளுக்காகத்தான் போனதே, டென்னிஸ் கிளாஸ் சேர்த்து விட்டிருந்தோம், மூணே மாசத்துல போரடிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சிருந்தா) கேட்டா: "அப்பா, இதுல கோச் எந்த கோர்ட்டப் பார்ப்பாங்க?"

நல்ல கேள்வி. அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சவன்தான், இன்னும் நிறுத்தல. அப்படிப் படிச்சதுல மனசுல ஒட்டிக்கிட்ட ஒருத்தர் லேலே ஃபொரூட். ஸ்டான்ஃபோர்டு பெண்கள் டென்னிஸ் அணியோட ஹெட் கோச்சா 2000ல இருந்து 2024 வரைக்கும் இருந்தவங்க, 10 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவங்க. டென்னிஸ் பார்க்குற நம்ம ஆளுங்கள்ல பத்து பேரைக் கேட்டா ஒம்போது பேருக்கு இந்தப் பேர் தெரியாது, அதனாலதான் இந்தப் பதிவே.

முதல்ல ஆட்டம் எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன், இல்லன்னா இனிமே சொல்றது எதுவும் புரியாது. ஒரு டீமுக்கு எதிரா இன்னொரு டீம். மொத்தம் 7 பாயிண்ட், யாரு முதல்ல 4 எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. முதல்ல மூணு டபுள்ஸ், மூணுல ரெண்டு ஜெயிச்ச டீமுக்கு மொத்தமா ஒரே ஒரு பாயிண்ட். அப்புறம் ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்னுக்கும் ஒரு பாயிண்ட். ஆறு பேரையும் திறமை வரிசைப்படிதான் நிறுத்தணும், நல்லா ஆடுற பொண்ண வேணும்னே நாலாவது இடத்துல ஒளிச்சு வச்சு சுலபமா ஒரு பாயிண்ட் தேத்துறதெல்லாம் விதிப்படி தப்பு. இப்பல்லாம் அட்வாண்டேஜும் கிடையாது, ட்யூஸ் (40-40) வந்துட்டா அடுத்த ஒரு பாயிண்ட்ல கேம் முடிஞ்சுது. அதோட எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கொடுமையும் உண்டு. தேசிய சாம்பியன்ஷிப்ல யாராவது ஒரு டீம் நாலாவது பாயிண்ட எடுத்த அந்த நிமிஷமே மத்த கோர்ட்ல நடக்குறதெல்லாம் அப்படியே நின்னுடும். நீ மூணாவது செட்ல 5-1ல முன்னாடி இருந்தாலும் சரி, ரெண்டரை மணி நேரம் வெயில்ல ஓடியிருந்தாலும் சரி, உன் பேருக்கு நேரா "முடியவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

இதுல கோச்சுக்கு என்ன வேலைன்னா, ஒவ்வொரு பாயிண்டுக்கு நடுவுலயும் போய்ப் பேசலாம். ப்ரோ டென்னிஸ்ல கோச் கண்ணசைச்சாலே தப்புன்னு ரொம்ப காலம் இருந்துச்சு, காலேஜ்ல கோர்ட்டுக்குள்ளயே உட்காரலாம். ஆனா ஆறு கோர்ட், ஹெட் கோச் ஒருத்தர், உதவி கோச் ஒருத்தரோ ரெண்டு பேரோ. அப்போ எங்க போய் உட்காருறது? தோத்துக்கிட்டு இருக்குற பொண்ணுகிட்டயா, ஜெயிக்கிற மாதிரி இருந்து பயந்து போன பொண்ணுகிட்டயா, இல்ல "இவளத் தனியா விட்டாதான் நல்லா ஆடுவா"ன்னு யாரையாவது விட்டு வைக்கிறதா? ஒரு கோர்ட்டத் தேர்ந்தெடுத்தா மீதி அஞ்சையும் கைவிட்ட மாதிரிதான். வீட்ல ரெண்டு புள்ளைங்களுக்கு ஒரே நாள்ல பரீட்சைன்னாலே நமக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது.

சரி, லேலே ஃபொரூட் கதைக்கு வரேன்.

ஃப்ளோரிடாக்காரங்க. 1970கள்ல ஸ்டான்ஃபோர்டுக்கே ஆடினவங்க. அந்தக் காலகட்டம் முக்கியம், ஏன்னா கல்வி நிலையங்கள்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்குற டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972லதான். அதுக்கு முன்னாடி அமெரிக்கக் காலேஜ்ல பொண்ணுங்க விளையாட்டுக்குப் பெருசா காசும் கிடையாது ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. பொண்ணுங்க டென்னிஸ்க்கு என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுப் போட்டிகள நடத்துற அமைப்பு) சாம்பியன்ஷிப் வந்ததே 1982ல, அதுக்கு முன்னாடி ஏஐஏடபிள்யூன்னு பெண்கள் விளையாட்டுக்குனே தனியா ஒரு அமைப்பு நடத்திக்கிட்டு இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்டு பொண்ணுங்க முதல் தேசியப் பட்டம் வாங்கினது 1978ல, அந்த அமைப்புலதான். ஆக ஃபொரூட் தலைமுறை, கதவு திறந்தப்ப வாசல்ல நின்ன தலைமுறை. படிப்புக்கப்புறம் ப்ரோ டூர்ல கொஞ்ச வருஷம் ஆடினாங்க. அப்புறம் 1980களோட பின்பாதியில ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பி வந்து ஃபிராங்க் பிரென்னனுக்கு உதவி கோச்சா சேர்ந்தாங்க.

இந்த பிரென்னன் லேசுப்பட்ட ஆள் இல்ல. 1979ல இருந்து 2000 வரைக்கும் ஹெட் கோச். 10 என்சிஏஏ பட்டம், அதுல 1986ல இருந்து 1991 வரைக்கும் தொடர்ச்சியா ஆறு. மொத்தக் கணக்கு 510 வெற்றி, 50 தோல்வி. இருபத்தொரு வருஷத்துல ஐம்பதே தடவைதான் தோத்திருக்கார்னா ஒரு சீசனுக்கு மூணு கூட வரல. குடும்பமே அப்படி, அவரோட அப்பாவும் டென்னிஸ் கோச்தான், நியூஜெர்சியில அந்தக் கால டென்னிஸ் ஜாம்பவான் பில்லி ஜீன் கிங்குக்கு ஆலோசனை சொல்லிப் பயிற்சி கொடுத்தவர்.

அந்த மாதிரி ஆளுக்குப் பக்கத்துல ரெண்டாவது நாற்காலியில ஃபொரூட் பத்து வருஷத்துக்கும் மேல உட்கார்ந்திருந்தாங்க.

இது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஆபீஸ்ல ரெண்டு வருஷம் ப்ரமோஷன் வரலன்னா லிங்க்ட்இன் ப்ரொஃபைல தூசி தட்ட ஆரம்பிச்சிடறோம், நானும் பண்ணியிருக்கேன், மூணு தடவை. ஸ்டான்ஃபோர்டு மாதிரி பட்டம் குவிக்கிற இடத்துல உதவி கோச்சுன்னா வேற எந்தக் காலேஜும் ஹெட் கோச் வேலைக்குக் கூப்பிட்டுப் பார்க்கும்ங்குறது யூகிக்கக் கஷ்டமான விஷயம் இல்ல. ஆனா அவங்க அங்கயே இருந்தாங்க. பேர் வெளிய வராது, பட்டம் பிரென்னன் கணக்குல சேரும், பொண்ணுங்க கூட பிராக்டிஸ்ல அடிச்சுக் கொடுக்குறது, ஊர் ஊரா ஜூனியர் டோர்னமெண்ட் போய் ஆள் பார்க்குறது மாதிரியான உதவி கோச் வேலைங்கள நாம யாரும் படம் புடிச்சுப் போட மாட்டோம். ஆனா ஒன்னு, ஆறு கோர்ட்ல எந்த கோர்ட்டுக்குப் போகணும்ங்குற கணக்கு பொறுப்பு தலைமேல விழுந்தப்புறம் கத்துக்குற விஷயம் இல்ல. பக்கத்துல உட்கார்ந்து வருஷக்கணக்குல இன்னொருத்தர் தப்பும் சரியுமா முடிவெடுக்குறதப் பார்த்திருந்தாதான் வரும்னு நினைக்கிறேன். இது என் யூகம்தான், அவங்க சொன்னதா எங்கயும் படிக்கல.

2000ல பிரென்னன் விலகினாரு, ஃபொரூட் ஹெட் கோச். யோசிச்சுப் பாருங்க, 10 பட்டம் வாங்கின ஆளோட நாற்காலி. ஜெயிச்சா "டீம் அவரு கட்டினது"ன்னு சொல்ற வாய், தோத்தா "அவரு இருந்திருந்தா..."ன்னும் சொல்லும். ஊர் வாய மூட உலைமூடி இல்லன்னு சும்மாவா சொன்னாங்க.

முதல் சீசன் முடிவுல, 2001ல, ஃபைனல்ல வாண்டர்பில்ட்ட 4-0ன்னு அடிச்சுப் பட்டம். அந்த டீம்ல லாரா கிரான்வில் இருந்தாங்க, 2000, 2001 ரெண்டு வருஷமும் தேசிய சிங்கிள்ஸ் சாம்பியன். ரெண்டு வருஷம் படிச்சதும் ப்ரோ ஆகிட்டாங்க, 2002 விம்பிள்டன்ல நாலாவது சுற்று வரைக்கும் போனாங்க. காலேஜ் கோச்சோட தலைவலியே இதுதான். நல்லா ஆடுற பொண்ணு கிடைச்சா சீக்கிரம் போயிடும், போகாத பொண்ணும் நாலு வருஷத்துல டிகிரி வாங்கிட்டுப் போயிடும், வருஷா வருஷம் பாதி வீட்ட இடிச்சுக் கட்டுற கதை. ஆனா 2002லயும் பட்டம், கிரான்வில் இல்லாமலே, ஸ்டான்ஃபோர்டு மைதானத்துலயே ஃப்ளோரிடாவத் தோற்கடிச்சு.

2003ல அதே ஃப்ளோரிடா, அவங்க ஊர்ல, 4-3ன்னு பழி வாங்கிட்டாங்க. ஃப்ளோரிடா கோச் ரோலண்ட் தோர்ன்க்விஸ்ட், ஸ்வீடன்காரர். இந்தப் பேர ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவார்.

அந்தத் தோல்விக்கப்புறம் நடந்ததுதான் பைத்தியக்காரத்தனம். 2004, 2005, 2006 மூணு சீசன்லயும் ஒரு மேட்ச் கூட தோக்கல. மூணு பட்டம். 2007 வரைக்கும் நீண்டு மொத்தம் தொடர்ச்சியா 89 வெற்றி. ஆம்பர் லியு 2003லயும் 2004லயும் சிங்கிள்ஸ் சாம்பியன். 2005ல ஆலிஸ் பார்ன்ஸும் எரின் பர்டெட்டும் டபுள்ஸ் சாம்பியன்.

இந்த அஞ்சு பட்டத்தப் பத்தி நான் அதிகம் எழுதப் போறதில்ல. உண்மையச் சொல்லணும்னா எனக்கு அதுல அவ்வளவு சுவாரசியம் இல்ல. நாட்டுலயே நல்ல ஜூனியர் பொண்ணுங்க ஸ்டான்ஃபோர்டுன்னா ஓடி வர்ற காலம் அது, படிப்புக்கும் பேரு டென்னிஸுக்கும் பேரு, வெயிலு வேற. தங்கம் கிடைச்சா நகை செய்யலாம். என் பொண்ணு மாதிரி ஆளுக்கு அந்த 89ஐச் சொன்னா "அப்போ அவங்க எல்லாரும் ரொம்ப நல்லா ஆடுவாங்க, அவ்ளோதானே"ன்னுதான் சொல்லுவா, சொன்னா.

எனக்குப் புடிச்சது அதுக்கப்புறம்.

2007ல ஜார்ஜியா டெக், 2008ல யுசிஎல்ஏ, 2009ல ட்யூக்னு பட்டம் வேற வேற இடத்துக்குப் போச்சு. மத்த காலேஜும் காசு போட ஆரம்பிச்சாச்சு, வெளிநாட்டுப் பொண்ணுங்க நிறைய பேர் ஸ்காலர்ஷிப்ல வர ஆரம்பிச்சாச்சு. பெண்கள் டென்னிஸ் டீமுக்கு அப்போ 8 முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், ஆண்களுக்கு நாலரைதான். எட்டு பொண்ணுங்கள உலகம் பூராத் தேடிப் புடிக்க முடிஞ்ச கோச்சுக்கும், ஸ்டான்ஃபோர்டு அட்மிஷன் ஆபீஸ் ஒத்துக்குற மார்க்கு இருக்குற பொண்ணத்தான் எடுக்க முடியும்ங்குற கோச்சுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்ல. பிராக்டிஸ் நேரத்துக்கும் கணக்கு உண்டு, சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான், சீசன் இல்லாதப்ப 8. மிச்ச நேரம் அந்தப் பொண்ணுங்க லேப்லயோ லைப்ரரியிலயோ இருக்கும்.

2010 ஃபைனல், ஜார்ஜியா மாநிலம் ஏதன்ஸ்ல. எதிரணி திரும்பவும் ஃப்ளோரிடா. 3-3. மிச்சம் ஒரே ஒரு மேட்ச். ஸ்டான்ஃபோர்டு பக்கம் ஆடினது மல்லரி பர்டெட், முதலாம் ஆண்டு மாணவி. மேல சொன்ன எரினோட தங்கச்சி. நடுவுல லிண்ட்சேன்னு ஒரு அக்கா, அதே டீம்ல. மூணு அக்கா தங்கச்சியும் ஜார்ஜியாவுல ஜாக்சன்ங்குற ஊர்ல இருந்து நாட்டோட அந்தக் கோடிக்கு வந்து ஸ்டான்ஃபோர்டுக்கே ஆடியிருக்காங்க. ஒரு வீட்ல இருந்து மூணாவது பொண்ணையும் அதே கோச்சுகிட்ட அனுப்புறாங்கன்னா அந்த அப்பா அம்மாவுக்கு என்ன நம்பிக்கை இருக்கணும் பாருங்க, நான் எந்தக் கோப்பைய விடவும் இதத்தான் பெருசா எடுத்துக்குவேன். மல்லரி ஜெயிச்சா. 4-3. நாலு வருஷத்துக்கப்புறம் பட்டம்.

அடுத்த வருஷம், 2011 மே. ஃபைனல் ஸ்டான்ஃபோர்டுல, சொந்த மைதானம். 1999ல இருந்து சொந்த மைதானத்துல தோத்ததே இல்ல, 184 மேட்ச். எதிரணி, ஆமாங்க, ஃப்ளோரிடா. ஸ்கோர், ஆமாங்க, 3-3. மிச்சம் இருக்குற ஒரே கோர்ட்ல நிக்கிறது, ஆமாங்க, அதே மல்லரி பர்டெட்.

மூணாவது செட். மல்லரி 4-0 முன்னாடி. இன்னும் ரெண்டு கேம். சுத்தி இருக்குற அத்தன பேரும் எழுந்து நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. எதிர்ல ஃப்ளோரிடாவோட லாரன் எம்ப்ரீ, பந்த விடாம திருப்பித் திருப்பிப் போடுற ஆள். 4-0ல இருந்து ஒவ்வொன்னா எடுத்து, டை பிரேக்குக்குக் (6-6ல செட்ட முடிக்க ஆடுற கேம்) கொண்டு போய், அதையும் எம்ப்ரீ ஜெயிச்சுட்டா. பட்டம் ஃப்ளோரிடாவுக்கு, 184 அங்கயே முடிஞ்சுது, தோர்ன்க்விஸ்ட் ரெண்டாவது தடவையா ஃபொரூட் டீம ஃபைனல்ல 4-3ன்னு சாய்ச்சாச்சு.

இந்த மேட்ச்சப் பத்திப் படிக்கும்போதெல்லாம் நான் எம்ப்ரீய நினைக்க மாட்டேன் (அவ ஆடினது அபாரம், அதுல சந்தேகமில்ல). அடுத்த நாள் காலையில பத்தொம்போது இருபது வயசுப் பொண்ணு எப்படி எழுந்திரிச்சிருக்கும்னுதான் தோணும். போன வருஷம் தோள்ல தூக்கி வச்சுக் கொண்டாடின அதே பொண்ணு. ஒரு கோச்சுக்கு அந்த இடத்துல என்ன சொல்ல முடியும்? 4-0ல இருக்கும்போது பக்கம் மாறுற இடைவேளையில போய் என்ன பேசுவ, 4-3 ஆனதும் என்ன பேசுவ? "பதட்டப்படாத"ன்னு சொன்னாலே பதட்டம் வரும். அன்னிக்கு மிச்சம் இருந்தது ஒரே கோர்ட்தான், எங்க போறதுன்னு யோசிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஆனாலும் கோச் கையில ஒன்னுமில்ல.

அங்க என்ன பேசினாங்கன்னு நமக்குத் தெரிய வேண்டாம், அடுத்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு மட்டும் பாருங்க. 2012, திரும்பவும் ஏதன்ஸ், மல்லரியோட சொந்த மாநிலம். தேசிய சிங்கிள்ஸ் ஃபைனல்ல நெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டான்ஃபோர்டு பொண்ணுங்க, நிக்கோல் கிப்ஸும் மல்லரி பர்டெட்டும். கிப்ஸ் ஜெயிச்சா. அதே டோர்னமெண்ட்ல அவங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு டபுள்ஸ் பட்டமும் வாங்கினாங்க. ஒருத்தி இன்னொருத்தி கனவ உடைச்சதும், கூடவே நின்னு கோப்பை தூக்குறதும், ஒரே ஊர்ல ஒரே டோர்னமெண்ட்ல. அந்த டீமுக்குள்ள ஏதோ ஒரு ஆரோக்கியமான காத்து அடிச்சிருக்கணும். நம்ம ஊர் அகாடமிங்கள்ல ரேங்கிங் மேட்ச் தோத்துட்டா அப்பாக்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதில்ல, நான் சொல்றது ஸ்டான்ஃபோர்டு பக்கத்துல இருக்குற சன்னிவேல்லயும் சேர்த்துதான்.

அந்த வருஷ யுஎஸ் ஓபன்ல மல்லரி மூணாவது சுற்று வரைக்கும் போய் ஷரபோவாகிட்ட தோத்தா, அதோட ப்ரோ ஆகிட்டா, கடைசி வருஷம் காலேஜ் ஆடல. ஃபொரூட் கணக்குல இருந்து ஒரு பெரிய ஆள் போயாச்சு. 2013ல டீமுக்குக் கிடைச்ச ஸீடிங் (போட்டிக்கு முன்னாடி கொடுக்குற தரவரிசை) 12. ஸ்டான்ஃபோர்டுக்கு 12ன்னா வீட்ல கல்யாணத்துக்குக் கடைசிப் பந்தியில இடம் கொடுத்த மாதிரி.

ஜெயிச்சுட்டாங்க. ஃபைனல்ல டெக்ஸஸ் ஏ அண்ட் எம்ம 4-3. கடைசி பாயிண்ட எடுத்தது கிறிஸ்டி ஆன், பின்னாடி 2019 யுஎஸ் ஓபன்ல நாலாவது சுற்றுக்குப் போன அதே ஆன். அவ்வளவு பின்னாடி ஸீடிங் வாங்கி அதுக்கு முன்னாடி யாரும் பட்டம் வாங்கினதில்ல. டீம் பட்டத்துக்கு மேல கிப்ஸ் சிங்கிள்ஸையும் ரெண்டாவது தடவையா எடுத்துட்டு, அவளும் ப்ரோ ஆகிட்டா. திரும்ப வீடு பாதி காலி.

2016ல ஸீடிங் 15. மொத்தமே 16 டீமுக்குத்தான் ஸீடிங் கொடுப்பாங்கங்குறத மனசுல வச்சுக்குங்க. ஃபைனல் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவுல, எதிரணி ஓக்லஹோமா ஸ்டேட், அவங்களுக்கு அது சொந்த மாநிலம், கூட்டம் யாரு பக்கம் இருந்திருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. 4-3. கடைசியா முடிச்சது டெய்லர் டேவிட்சன். அவங்க வச்சிருந்த "ரொம்பப் பின்னாடி இருந்து வந்த சாம்பியன்" ரெக்கார்ட அவங்களே உடைச்சுக்கிட்டாங்க. 2017ல ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தாங்க, யாருகிட்டன்னு கேக்கவே வேணாம், ஃப்ளோரிடா, தோர்ன்க்விஸ்ட். அந்த மனுஷன் வாங்கின நாலு பட்டத்துல மூணு ஃபொரூட் டீம ஃபைனல்ல அடிச்சு வாங்கினது. இப்படி ஒரு பங்காளி எல்லாருக்கும் வாய்க்காது.

2018ல திரும்பவும் 15. ஃபைனல் வட கரோலினாவுல வேக் ஃபாரஸ்ட் மைதானத்துல, எதிரணி முதல் ஸீட் வாண்டர்பில்ட். 4-3, கடைசி கோர்ட்ல மெலிசா லார்ட். 2019ல ஆர்லாண்டோவுல ஜார்ஜியாவ 4-0. அதோட பத்து.

2010, 2013, 2016, 2018. நாலு ஃபைனலும் 4-3. இதுல ஒரு ட்யூஸ் பாயிண்ட் அந்தப் பக்கம் விழுந்திருந்தா கூட கணக்கு மாறியிருக்கலாம்னு வாதாடலாம், என் நண்பன் ஒருத்தன் வாட்ஸப்ல வாதாடினான், "அது லக்கு மச்சி"ன்னு. இருக்கலாம். ஆனா 2003லயும் 2011லயும் லக்கு அந்தப் பக்கம் போயிருக்கே. எனக்கென்னமோ நாலு தடவை 3-3 வரைக்கும் வந்து, நாலு தடவையும் வேற வேற பொண்ணு முடிச்சு வச்சிருக்கான்னா, அது ஒரு பொண்ணோட திறமை மட்டும் இல்ல. ரெண்டாவது கோர்ட்டோ அஞ்சாவது கோர்ட்டோ, எங்க போய் முடிஞ்சாலும் அங்க நிக்கிற பொண்ணு தயாரா இருந்திருக்கா. டீமோட ஸ்டார் யாருன்னு பார்த்து அவளுக்கு மட்டும் உழைக்கிற கோச்சா இருந்தா இது நடக்காது. ஆறாவது கோர்ட்ல ஆடுற பொண்ணுக்கும் அதே நேரம் கொடுத்திருக்கணும், பிராக்டிஸ்ல, நவம்பர்ல, யாரும் பார்க்காதப்ப.

2020ல கொரோனாவால சீசனே பாதியில நின்னுச்சு. அப்புறம் வந்த வருஷங்கள்ல டெக்ஸஸ், வட கரோலினான்னு வேற பேருங்க. ஃபொரூட் 2024ல ஓய்வு. பிரென்னன் 10, ஃபொரூட் 10, ரெண்டே பேர்ல 20 என்சிஏஏ பட்டம். சமமா நிக்குது. இன்னும் ஒன்னு வாங்கிட்டுப் போயிருக்கலாமேன்னு எனக்கு ஒரு ஆதங்கம் இருந்துச்சு, இப்போ யோசிச்சா பதினொன்னு இருந்திருந்தா கொஞ்சம் அசிங்கமா இருந்திருக்குமோன்னும் தோணுது.

அவங்களுக்கப்புறம் அந்த நாற்காலிக்கு வந்தது யாரு தெரியுமா? ஃபிராங்கி பிரென்னன். பழைய ஃபிராங்க் பிரென்னனோட பையன். அப்பாவுக்கு உதவியா இருந்த ஃபொரூட்டுக்கு, இந்தப் பையன் பல வருஷம் உதவி கோச்சா இருந்திருக்காரு. அப்பாகிட்ட கத்துக்கிட்டவங்ககிட்ட பையன் கத்துக்கிட்டு, அப்பா உட்கார்ந்த இடத்துக்கு வந்திருக்காரு. தாத்தா பில்லி ஜீன் கிங் காலம். நம்ம ஊர் நாதஸ்வரக் குடும்பத்துலதான் இந்த மாதிரி கேள்விப்பட்டிருக்கேன், அப்பாவோட சிஷ்யர்கிட்ட பையன் உட்கார்ந்து கத்துக்குறது.

இதெல்லாம் போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தேன், என் மனைவி "தோசை ஆறுது"ன்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, ஃபைனல் ஸ்கோர் எதையும் கேக்கல, 4-0ல இருந்து தோத்தாளே அந்த அக்கா, அவ அப்புறம் டென்னிஸ் ஆடினாளான்னுதான் கேட்டா. ஆடினா, அடுத்த வருஷம் யுஎஸ் ஓபன்லன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு தோசைய எடுத்துக்கிட்டா.

சீசன் ஆரம்பிச்சதும் மறுபடி போறதா இருக்கோம். இந்தத் தடவை முதல் கோர்ட் முன்னாடி இடம் புடிக்க வேணாமாம், ஆறாவது கோர்ட் பக்கம் உட்காரலாம்னு சொல்லியிருக்கா. அங்க நிழலும் இருக்கும்னு நானும் ஒத்துக்கிட்டேன்.